நிறைந்த கிண்ணம், பசித்த கிளி



மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வாழ்பவர்கள் காலையில் சற்று அண்ணாந்து பார்த்தால், நீண்ட வாலும் சிவந்த கன்னமும் கொண்ட பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பதைக் காணலாம். மலாய் மொழியில் இவற்றைப் ‘பாயான்’ என்பார்கள். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரைச் சமவெளிகளில் வாழும் நம் நாட்டுக் கிளி இது. காட்டுப் பழங்கள், விதைகள், மொட்டுகள் ஆகியவற்றோடு செம்பனைப் பழத்தையும் இது கொத்தித் தின்னும்.

இப்போது பார்வையைக் கீழே இறக்குவோம். ஒரு வீட்டு அஞ்சடியில் கூண்டு தொங்குகிறது. உள்ளே ஒரு கிளி. அதன் பெயர் அஞ்சுகம் என்று வைத்துக்கொள்வோம். கூண்டின் மூலையில் ஒரு கிண்ணம். அதன் விளிம்புவரை சூரியகாந்தி விதை. பள்ளிக்குக் கிளம்பும் பேத்திக்கும் பாட்டிக்கும் நடக்கும் பேச்சு இப்படி இருக்கலாம்:

“பாட்டி, அஞ்சுகத்துக்கு இன்னிக்குத் தீனி போட்டீங்களா?”

“நேத்துப் போட்டதே அப்படியே கெடக்குதும்மா. கிண்ணம் ரொம்பித்தான இருக்கு. நாளைக்குப் போட்டுக்கலாம்.”

பேத்தி கிண்ணத்தை எடுத்து மெல்ல ஊதுகிறாள். மேலே இருந்ததெல்லாம் பறந்து தரையில் விழுகிறது. அத்தனையும் வெறும் தோல்! கிளி பருப்பைத் தின்றுவிட்டுத் தோலைக் கிண்ணத்திலேயே போட்டிருக்கிறது. அடியில் மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு விதைகள் மட்டும்.

கிண்ணம் நிறைந்திருந்தது; கிளி பசித்திருந்தது. இது முதல் வகைப் பசி. ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஊதிப் பார்த்தாலும் தெரியாத இரண்டாவது வகைப் பசி ஒன்று இருக்கிறது. வயிறு நிறைய உண்டும் உடலுக்கு வேண்டிய சத்து கிடைக்காத பசி அது. இவ்வாரம் அதைப் பற்றித்தான் படிக்கப் போகிறோம்.

கிளி பொறுக்கித் தின்னும் பறவை

படிவம் 2 அறிவியலில் ஊட்டச்சத்துப் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு, நார்ச்சத்து, நீர் என்று ஏழு வகை. இவை ஏழும் சரியான அளவில் அமைந்த உணவே சரிவிகித உணவு. பாடநூலில் ‘கீஸி செய்ம்பாங்’ என்று வரும். மனிதனுக்குச் சொன்ன இந்த ஏழும் கிளிக்கும் வேண்டும். அளவுதான் வேறு.

கடையில் வாங்கும் கலவைத் தீனிப் பொட்டலத்தில் சூரியகாந்தி, தினை, நெல், சோளம், சில நேரம் வண்ண உருண்டைகளும் இருக்கும். பார்த்தால் எல்லாச் சத்தும் அடங்கியது போலத் தோன்றும். ஆனால் கிளி அதை நாம் சோறு குழைத்து உண்பது போல உண்பதில்லை. அலகாலும் தடித்த நாக்காலும் ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, பிடித்ததை உடைத்துத் தின்கிறது. பிடிக்காததைக் கீழே தள்ளிவிடுகிறது. பெரும்பாலும் முதலில் காலியாவது கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும்தான்.

இதற்காகக் கிளியைக் குறை சொல்ல முடியாது. காட்டில் கொழுப்பு நிறைந்த விதை எப்போதும் கிடைக்காது; கிடைக்கும்போது தின்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அந்த ஆற்றலை அது இரைதேடிப் பறந்தே செலவழித்துவிடும். கூண்டுக்குள் விதை ஆண்டு முழுதும் கொட்டிக் கிடக்கிறது, பறப்பதற்கோ இடமில்லை. காட்டில் உயிர் காத்த பழக்கம் கூண்டில் உயிரைக் குடிக்கிறது.

ஆகவே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: சரிவிகிதம் என்பது கிண்ணத்தில் நாம் போடுவதில் இல்லை, கிளியின் வயிற்றுக்குள் போவதில் இருக்கிறது.

ஒரு விதைக்குள் என்ன இருக்கிறது?

தோல் நீக்கிய சூரியகாந்தி விதை 100 கிராமில் ஏறக்குறைய இவ்வளவு சத்து உண்டு:

• ஆற்றல் – 580 கிலோகலோரி
• கொழுப்பு – 51 கிராம்
• புரதம் – 21 கிராம்
• பாஸ்பரஸ் – 660 மில்லிகிராம்
• கால்சியம் – 78 மில்லிகிராம்
• வைட்டமின் ஏ – இல்லை என்றே சொல்லலாம்

அதே 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஆற்றல் சுமார் 130 கிலோகலோரிதான். அப்படியென்றால் சூரியகாந்தி கெட்ட உணவா? இல்லை. அதில் புரதம் உண்டு, வைட்டமின் ஈ நிறைய உண்டு. அது மட்டுமே உணவாக இருப்பதுதான் கெடுதல்.

கால்சியத்தையும் பாஸ்பரசையும் கவனியுங்கள். கிளியின் உணவில் கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாகவோ, ஏறத்தாழ அதன் இருமடங்காகவோ இருப்பது நல்லது. சூரியகாந்தியிலோ கால்சியம் ஒரு பங்கு, பாஸ்பரஸ் எட்டுப் பங்கு. தினை இதைவிட மோசம். அதில் கால்சியம் மிகமிகக் குறைவு. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் சும்மா இருக்காது. எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். சேமிப்புப் பணத்தை எடுத்து அன்றாடச் செலவு செய்வது போலத்தான். வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் சேமிப்புத் தீரும்போது எலும்பு மெலிந்து முறியும், தசை நடுங்கும், பெண் பறவையாக இருந்தால் முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பறவைகள் மனிதனுக்குச் சொன்ன பாடம்

வயிறு நிறைந்தும் சத்துக் குறையலாம் என்ற உண்மையை மனிதன் கண்டுபிடித்ததே பறவைகளுக்குத் தீனி போட்டபோதுதான். அந்தக் கதையில் நம் முன்னோரும் வருகிறார்கள்.

சுமார் 1890-ஆம் ஆண்டு. இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் நின்றுபோகும் நோய் அது. கிருமியால்தான் வருகிறது என்று அப்போது நம்பினார்கள். ஒருநாள் ஆய்வுக்கூடத்துக் கோழிகளே நடக்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்து, மருந்து எதுவும் கொடுக்காமலேயே எழுந்துவிட்டன!

காரணத்தைத் தேடியபோது சமையற்கட்டுக்கு வந்து நின்றார் ஐக்மான். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு இடையில் சில மாதங்கள் கோழிகளுக்குப் போடப்பட்டது. பிறகு புதிதாக வந்த சமையல்காரர், படைவீரர் அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். மறுபடியும் தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் பிழைத்தன. தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது தெரிந்தது. அந்த ‘ஏதோ ஒன்று’ உடலுக்குக் கட்டாயம் தேவையான சத்து என்பதை 1901-இல் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் தெளிவாக்கினார்.

மலாயாவிலும் இதே கேள்வி எழுந்தது. சுரங்கத்தில் உழைத்த சீனர்கள் பெரிபெரியால் ஏராளமாக மடிந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அதிகம் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராகப் பணியாற்றிய பிராடன், இதற்கு அரிசியே காரணம் என்று வாதிட்டு 1907-இல் நூல் வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தொழிலாளர்களிடமும் கோழிகளிடமும் ஆய்வு நடத்தி, 1909-இல் தீட்டிய அரிசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தினார்கள்.

1926-இல் பத்தாவியாவில் யான்சென், டோனாத் இருவரும் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் சத்து இருக்கிறதா என்று சோதிக்க அவர்கள் பயன்படுத்தியவை நெல்வயலில் திரியும் சின்னஞ்சிறு சில்லைக் குருவிகள். அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கோழிகள் பட்டினி கிடக்கவில்லை. தினமும் வயிறு நிறையச் சோறு தின்றன. ஒரே தானியத்தை மட்டும் தின்றன, அதுதான் குற்றம். கூண்டுக் கிளிக்குச் சூரியகாந்தியை மட்டும் போடுவதும் அதே தவறுதான். குறையும் சத்துதான் வேறு.

குறையும் நோயும்

விதை மட்டுமே தின்னும் கிளிக்குப் பரவலாக ஏற்படும் கோளாறுகள் இவை:

வைட்டமின் ஏ குறைவு: மூக்கு, வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்பரப்பு ஈரமாகவும் மென்மையாகவும் இருக்க இந்தச் சத்து வேண்டும். இது குறைந்தால் அந்தப் பரப்பு தடித்து, காய்ந்த தோல் போலாகிவிடும். கிருமி நுழைய வழி கிடைக்கும். தும்மல், மூக்கொழுகல், வீங்கிய கண், வாய்க்குள் வெண்படலம் ஆகியவை அறிகுறிகள். “கிளிக்குச் சளி பிடித்திருக்கிறது” என்று நாம் நினைப்போம். வேர் தீனிக் கிண்ணத்தில் இருக்கும்.

கால்சியம், வைட்டமின் டி குறைவு: உணவிலுள்ள கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். வெயில் பட்டால் பறவை இதைத் தானே தயாரிக்கும். ஆனால் கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும்.

அயோடின் குறைவு: பட்ஜி எனப்படும் சின்னக் கிளிகளுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, உண்டதைக் கக்கும், மூச்சு விடும்போது கீச்சுச் சத்தம் வரும்.

கொழுப்பு மிகுதி: பறக்காத கிளி கொழுப்பையே தின்றால், கல்லீரலில் கொழுப்பு படியும். அலகு அளவுக்கு மீறி வளரும், இறகு பொலிவிழக்கும், சற்று அசைந்தாலே மூச்சு வாங்கும். நம் உறவினர்கள் சிலருக்கு மருத்துவர் சொல்லும் ‘கொழுப்புக் கல்லீரல்’ இதுவேதான்.

பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் நோயுற்றதாகக் காட்டிக்கொண்டால் பருந்துக்கு இரையாகிவிடும் அல்லவா? எனவே ஒரு கிளி இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றால், நோய் அன்று தொடங்கியதல்ல. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

காட்டுக் கிளிக்கு எப்படிக் கிடைக்கிறது?

செம்பனைப் பழத்தை நசுக்கினால் கைவிரல் செம்மஞ்சளாகும். அந்த நிறமே கரோட்டின். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் இருக்கிறது. உடல் தனக்கு வேண்டிய அளவு கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். நம் பாயான் கிளி கொழுப்பைத் தின்கிறபோதே இந்தச் சத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. அடுத்த மரத்தில் மொட்டு, அதற்கடுத்ததில் பழம் என்று நாள் முழுதும் மாற்றி மாற்றி உண்கிறது. கூண்டுக் கிளிக்கு அந்த மாற்றத்தை நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

கிளிக்கான தட்டு

உலகில் சுமார் 400 வகைக் கிளிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தீனி ஆகாது. லோரி எனப்படும் வகைக்குத் தூரிகை போன்ற நாக்கு. பூந்தேனும் மகரந்தமுமே அதன் உணவு. கீழே சொல்பவை நம் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பட்ஜி, காக்கட்டீல், லவ் பர்ட்ஸ், இந்தியப் பச்சைக்கிளி ஆகியவற்றுக்கான பொது வழிகாட்டி.

1. பெலட் – பாதிக்கும் மேல். தானியம், பருப்பு, வைட்டமின், தாது உப்பு எல்லாவற்றையும் அரைத்து உருண்டையாக்கிய தீனி இது. ஒவ்வோர் உருண்டையிலும் ஒரே சத்து இருப்பதால் கிளி பொறுக்கித் தின்ன முடியாது. அதன் சிறப்பே அதுதான்.

2. காய், கீரை – ஏறக்குறைய கால் பங்கு. செம்மஞ்சள் நிறக் காய்களும் கரும்பச்சைக் கீரைகளும் முதலிடம் பெற வேண்டும்: கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி, சாவி, கைலான், முருங்கைக்கீரை. முருங்கைக்கீரையில் கால்சியம் பாஸ்பரசைவிட அதிகம். விதையின் குறையை ஈடுகட்ட ஏற்றது. பசலை, தண்டுக்கீரை ஆகியவற்றில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஆக்ஸலேட் இருப்பதால் எப்போதாவது கொடுத்தால் போதும்.

3. பழமும் விதையும் – பத்தில் ஒரு பங்கு. பப்பாளி, மாம்பழம், கொய்யா, டிராகன் பழம் ஆகியவற்றில் சிறு துண்டு. சூரியகாந்தியை உணவாகக் கருதாமல் பரிசாகக் கருதுங்கள். கைமேல் வந்து உட்கார்ந்தால் ஒன்று, பேசினால் ஒன்று. பட்ஜி, காக்கட்டீல் ஆகியவை ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் புல்விதை தின்று வாழ்பவை. அவற்றுக்குத் தினை போன்ற சிறு விதை சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

பெலட் விலை கட்டுப்படியாகவில்லையா? வீட்டுச் சமையலிலேயே பாதி வழி இருக்கிறது. உப்பில்லாத புழுங்கலரிசிச் சோறு அல்லது தீட்டாத அரிசிச் சோறு, முளைகட்டிய பாசிப்பயறு, வேகவைத்த முட்டையில் சிறு துண்டு, நறுக்கிய கேரட், முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பிசைந்து கொடுக்கலாம். கூண்டுக் கம்பியில் ஒரு கணவாய் ஓட்டைச் செருகி வைத்தால் கால்சியத்துக்கு அது கொறிக்கும். இது பெலட்டுக்கு முழு ஈடாகாது. விதை மட்டும் தின்பதைவிடப் பல மடங்கு மேல்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். நம் ஊர் வெப்பத்தில் நறுக்கிய காயும் பிசைந்த சோறும் விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பெலட் கொடுக்கும்போது தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்தையும் சேர்க்காதீர்கள். வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறினால் அவையே நஞ்சாகும்.

மிளகாய் மட்டும் ஏன் காரமில்லை?

பழுத்த மிளகாயைக் கிளி ரசித்துத் தின்பதை நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். பாலூட்டிகளின் நரம்பிலுள்ள ஒரு புரதம் அதனோடு சேர்ந்து, ‘சூடு, சூடு’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. பறவைகளின் உடலிலும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் அது சற்று வேறு அமைப்பில் இருப்பதால் கேப்சைசினுக்கு மசிவதில்லை. சிவந்த மிளகாயில் கரோட்டினும் வைட்டமின் சி-யும் இருப்பதால், கிளிக்கு அது நல்ல காய்தான். பெரியவர்கள் கொடுத்தது வீண்போகவில்லை.

கொடுக்கவே கூடாதவை

• அவகாடோ: இதிலுள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.
• சாக்லேட், மைலோ, காப்பி, தேநீர்: கொக்கோவிலுள்ள தியோபுரோமினும் காப்பி, தேநீரிலுள்ள காஃபினும் இதயத்துடிப்பைக் குலைக்கும். தே தாரிக்கில் தோய்த்த பிஸ்கட்டும் இதில் அடங்கும்.
• முறுக்கு, கருவாடு, ரொட்டி சானாய்: உப்பும் எண்ணெயும் அந்தச் சிறு உடலுக்குப் பெருஞ்சுமை.
• பால்சோறு: பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது.
• வெங்காயம், பூண்டு: இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.
• ஆப்பிள் விதை, பச்சை மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளி இலை: சயனைடு உண்டாக்கும் பொருள் இவற்றில் உண்டு.
• பூசணம் பிடித்த நிலக்கடலை: நம் ஈரக்காற்றில் கடலையில் பூசணம் எளிதில் வளரும். அது உண்டாக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலை அழிக்கும். தீனியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சிறிது சிறிதாக வாங்குங்கள்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள்

இதைப் படித்துவிட்டு இன்று மாலையே விதையைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பெலட்டை நிரப்பினால், கிளி செத்துப்போகலாம். மிகையாகச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் விதையையே தின்ற கிளிக்குப் பெலட் ஓர் உணவு என்றே தெரியாது. சிறிய உடலில் சேமிப்பும் குறைவு. பட்ஜி ஒன்றின் எடை 35 கிராம் அளவுதான். இரண்டு நாள் பட்டினியை அதனால் தாங்க முடியாது.

எனவே படிப்படியாகச் செய்யுங்கள். முதல் வாரம் பத்தில் ஒரு பங்கு பெலட், ஒன்பது பங்கு விதை. பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சில கிளிகளுக்கு மாதக்கணக்கும் ஆகலாம். காய்களை ஒருநாள் துருவி, ஒருநாள் நீளமாக நறுக்கி, ஒருநாள் கம்பியில் செருகிக் கொடுங்கள். கிளியின் முன்னால் நீங்களே ஒரு கேரட் துண்டைக் கடித்துக் காட்டுங்கள். கூட்டமாக வாழும் பறவை அது. மற்றவர் தின்பதைப் பார்த்துத் தானும் தின்னும்.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனியைக் கொடுத்து, மருத்துவரைப் பாருங்கள். எச்சத்தையும் கவனியுங்கள். பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, நீர்ப் பகுதி என்று மூன்றும் இருந்தால் நலம். எச்சம் மிகக் குறைந்து, கருத்துப் பிசுபிசுத்தால் கிளி உண்ணவில்லை என்று பொருள்.

செய்து பாருங்கள்

சோதனை 1: வெள்ளைத் தாளில் ஒரு சூரியகாந்திப் பருப்பு, சிறிது தினை, ஒரு கேரட் துண்டு ஆகியவற்றைத் தனித்தனியே நசுக்குங்கள். தாள் நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் கறை எதில் நிலைத்திருக்கிறது? அதுவே கொழுப்பு.

சோதனை 2: கிளிக்குத் தினமும் போடும் கலவையை வகை பிரித்து எடை போடுங்கள். மறுநாள் தோலை ஊதி நீக்கி, மிஞ்சிய முழு விதைகளை மீண்டும் வகை பிரித்து எடை போடுங்கள். எடுத்துக்காட்டாக, 5 கிராம் சூரியகாந்தியும் 5 கிராம் தினையும் போட்டு, மறுநாள் 1 கிராம் சூரியகாந்தியும் 4 கிராம் தினையும் மிஞ்சினால், காலியானது 4 கிராமும் 1 கிராமும். நாம் போட்டது பாதிக்குப் பாதி. கிளி எடுத்துக்கொண்டதோ ஐந்தில் நான்கு பங்கு சூரியகாந்தி! மூன்று நாள் செய்து அட்டவணை போட்டு, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். சோதனைக்குப் பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறவாதீர்கள்.

இறுதியாக ஒன்று

காட்டில் பறக்கும் பாயானையும், தலைகீழாகத் தொங்கி உறங்கும் சின்னஞ்சிறு செரிண்டிட் கிளியையும் பிடித்து வளர்க்க எண்ண வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட விலங்குகளை வைத்திருக்க பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவின் உரிமம் வேண்டும். அவற்றுக்கு எது சரியான உணவு என்பது அவற்றுக்கே நன்றாகத் தெரியும்.

கூண்டுக்குள் இருக்கும் கிளிக்கோ தேர்ந்தெடுக்க நம் கையை விட்டால் வேறு காடில்லை. நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்புமுன் அந்தக் கிண்ணத்தை எடுத்து ஒருமுறை ஊதுங்கள். பறப்பது தோலா என்று பாருங்கள். பிறகு மிஞ்சியது என்ன, மிஞ்சாதது என்ன என்றும் பாருங்கள்.

சிந்தித்து விடையளியுங்கள்

1. தீனிக் கிண்ணம் நிறைந்திருந்தும் கிளி பசியோடு இருக்கக்கூடிய இரண்டு வழிகளைக் கூறுக.
2. ஐக்மானின் கோழிகளும் சூரியகாந்தி மட்டுமே தின்னும் கிளியும் எவ்வகையில் ஒத்திருக்கின்றன?
3. கண்ணாடிச் சன்னலோரம் கூண்டை வைத்தால் போதும், வைட்டமின் டி கிடைத்துவிடும் என்கிறார் உங்கள் நண்பர். அவருக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?
4. 90 கிராம் எடையுள்ள காக்கட்டீல் ஒன்று, தீனி மாற்றத்தின் ஐந்தாம் நாளில் 80 கிராம் ஆகிவிட்டது. எடை இழப்பு எத்தனை விழுக்காடு? நீங்கள் செய்ய வேண்டியது என்ன?
5. நேற்று நீங்கள் உண்டவற்றை எழுதி, ஏழு வகைச் சத்துகளாகப் பிரியுங்கள். உங்கள் கிண்ணத்தில் எது குறைகிறது?